ஈரம் இருந்தும் தக்காளி ஏன் வாடுகிறது?

பாத்தியில் ஈரம், இலையும் பச்சை. ஆனாலும் செடி சாய்கிறது. மண்ணிலுள்ள ரால்ஸ்டோனியா பாக்டீரியா வேர்க்காயம் வழியே புகுந்து, நீர்க்குழாய்களைப் பிசினால் அடைத்துவிடுகிறது. வாடிய தண்டை நறுக்கிக் கண்ணாடித் தம்ளர் நீரில் தொங்கவிட்டால், அதிலிருந்து பாக்டீரியா பால்போல் கசியும். கேரளத்தின் அமில மண்ணில் இந்த வாடல் நோய் பெருந்தொல்லை. வாய்க்கால் நீரும் பாக்டீரியாவை வயல்விட்டு வயல் கடத்தும்.

அதனால்தான் கேரள வேளாண் பல்கலைக்கழகம் சக்தி, முக்தி, அனகா என்று வாடலைத் தாங்கும் ரகங்களைத் தந்தது. இடுக்கி மலைக்குக் கிழக்கே பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 நல்ல ரகம்தான். ஆனால் நோயுள்ள மண்ணில் செடியே நிற்காவிட்டால் காய் ஏது? மண் வேறான பாலக்காட்டின் சித்தூர்ப் பக்கக் கரிசலில், எந்த ரகம் மேல் என்ற கணக்கு மாறலாம்.

ஆகவே ஒரே நிலத்தில், ஒரே பாசனத்தில், ரகங்களைப் பல பாத்திகளில் மாற்றி மாற்றி நடுங்கள். செத்த செடிகளின் இடத்தையும் சேர்த்து, சென்ட்டுக்கு எத்தனை கிலோ என்று நிறுத்துப் பாருங்கள்.