ஒடியற்கூழ் எங்கே கிடைக்கும்?

வெளியூர்களிலிருந்து வேலை நிமித்தம் யாழ்ப்பாணம் வருபவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பார்கள்: "உங்கட ஊர்ச் சாப்பாடு எங்க கிடைக்கும்?" பஸ் நிலையத்தைச் சுற்றி நடந்தால் கொத்துரொட்டியும் பிறைட் றைசும் தாராளமாகக் கிடைக்கும். சந்தைப் பக்கம் மலாயன் கபேயில் வாழையிலையில் சைவச் சாப்பாடு உண்டு. ஒடியற்கூழ் என்றால்தான் சிக்கல். "முதல் நாளே சொல்லிவைக்க வேணும்" என்பார்கள்.

அதில் குற்றமில்லை. பச்சைப் பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கயர்ப்புப் போக வடித்தெடுக்க வேண்டும். நண்டு, இறால், மீன், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, புளி, செத்தல் மிளகாய் எல்லாம் ஒரே பானையில் வேகவேண்டும். முற்றத்தில் கூடியிருந்து பிலாவிலையில் குடிக்கும் உணவு அது. ஒருவருக்கு மட்டும் ஒரு கோப்பை காய்ச்ச எந்தக் கடைக்காரரால் முடியும்? போதாக்குறைக்கு, போர்க்காலத்தில் பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்குமென்று எத்தனையோ பனைகள் தறிக்கப்பட்டுவிட்டன.

கேட்பவர்களை நான் பெரும்பாலும் திருநெல்வேலியிலுள்ள 'அம்மாச்சி' உணவகத்துக்கு அனுப்புவேன். உள்ளூர் உணவுகளைப் பெண்களே சமைத்து விற்பதற்காக விவசாயத் திணைக்களம் தென்னிலங்கையில் 'ஹெல போஜூன்' என்ற பெயரில் உணவகங்களைத் தொடங்கியது. வடக்கில், 2013 இல் தெரிவான மாகாண சபையின் காலத்தில், அதே வகை உணவகங்களுக்கு அம்மாச்சி என்று பெயர் வைத்தார்கள். அம்மாவின் அம்மா, இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. குரக்கன் ரொட்டி, உழுந்து வடை, இலைக்கஞ்சி, எள்ளுருண்டை என்று வாங்குபவர் கண்முன்னே செய்து கொடுக்கிறார்கள். அடுப்பு அவரவருடையது, விற்ற காசும் அவரவருக்கே.

மெக்சிக்கோவின் மிச்சோக்கான் மாநிலத்தில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து அரைத்து ரொட்டி சுடும் பெண்களும் குழுக்களாகச் சேர்ந்திருக்கிறார்கள். அந்நாட்டின் பாரம்பரியச் சமையலை 2010 இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, அந்தப் பெண்களின் சமையலே முன்னுதாரணமாகக் காட்டப்பட்டது. நாங்களோ, "வீட்டில செய்யிறதுதானே" என்று நம் கைவேலையை நாமே மலிவாக்கிவிடுகிறோம்.

குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களோடு விலை பற்றிப் பேசும்போதெல்லாம் இதைக் காண்கிறேன். மா, தேங்காய், விறகு எல்லாம் கணக்கில் வரும். இரவு இருந்து மா வறுத்து அரித்த நேரம் வராது. அதற்கும் ஒரு கூலி எழுதுங்கள் என்றால் சிரிக்கிறார்கள். எழுதிப் பார்த்த பிறகு சிரிப்பதில்லை. பிட்டு விலையை ஐந்து ரூபா கூட்டினால் வாங்குபவர்கள் கோபிப்பார்கள் என்ற பயம் நியாயமானதுதான். அதற்காக இலவசமாக உழைக்கவும் முடியாதே.

ஞாயிறுகளில் மட்டும், முன்கூட்டிச் சொல்பவர்களுக்காக, மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு பானை கூழ் காய்ச்சினால் என்ன என்று எங்கள் குழுவில் இப்போது பேச்சு நடக்கிறது. பானை இருக்கிறது, ஒடியல் மாவும் கிடைக்கும். நண்டின் விலைதான் இன்னும் கணக்குக்குள் அடங்கவில்லை.