புரளியைப் பிடிக்க உங்கள் கம்ப்யூட்டர் உதவுமா?

வாட்ஸ் அப்பில் ஒரு படம் வருகிறது. தெரு முழுக்க மனிதர்கள் விழுந்து கிடக்கிறார்கள். கீழே, "சிங்கப்பூரில் நம் ஆட்கள் தங்கியிருக்கும் விடுதி வாசல். டிவியில் காட்டமாட்டார்கள். எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று எழுதியிருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

2020 ஏப்ரலில் இந்தப் படம் அறந்தாங்கிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அத்தைக்கு வந்தது. அவர் மகன், அதாவது என் மச்சான், அப்போது சிங்கப்பூரில் ஒரு தொழிலாளர் விடுதியில் இருந்தார். நானும் அதே சிங்கப்பூரில்தான் இருந்தேன். பொறியியல் முடித்து, சாப்ட்வேர் வேலைக்காக அங்கே போய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. படத்தை எனக்கு அனுப்பிவிட்டு அத்தை போனில் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இதுல அவன் இருக்கானான்னு பாத்துச் சொல்லுப்பா."

அன்று இரவு என் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் செய்ததையும், பிறகு நானே ஏமாந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் இதைச் செய்யலாம். தனியாக எந்த சாப்ட்வேரும் தேவையில்லை.

முதலில் அந்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம். சிங்கப்பூர் பிரதமர் லீ சியன் லூங் 2020 ஏப்ரல் 3 அன்று டிவியில் பேசினார். ஏப்ரல் 7 முதல் பெரும்பாலான அலுவலகங்கள் மூடப்பட்டன. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சர்க்யூட் பிரேக்கர்'. நம் வீட்டு மெயின் போர்டில் ட்ரிப் ஆகுமே, அதே பெயர்தான். மே 4 வரை என்று சொன்னது பிறகு ஜூன் 1 வரை நீண்டது. ஏப்ரல் 5 அன்றே இரண்டு பெரிய விடுதிகளைத் தனிமைப்படுத்தினார்கள். அந்த இரண்டில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர். படிப்படியாக மற்ற விடுதிகளிலும் போக்குவரத்து நின்றது. அங்கே விடுதிகளில் தங்கியிருந்தவர்கள் மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல். ஒரே ஊரில் இருந்தும் மச்சானை நான் பார்க்க முடியாது. இந்தியாவிலோ மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்கள் இறங்கத் தடை. ஆக, எங்களுக்கும் ஊருக்கும் நடுவே இருந்தது செல்போன் மட்டும்தான். அதன் வழியாக வந்ததில் பாதி புரளி.

படம் எங்கே பிறந்தது?

இன்டர்நெட்டில் நாம் வார்த்தையைக் கொடுத்துப் படத்தைத் தேடுகிறோம். அதைத் திருப்பிச் செய்யலாம். படத்தைக் கொடுத்து, அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடலாம். தேடும் தளம் படத்தில் உள்ள வடிவங்களையும் நிறங்களையும் ஒரு குறிப்பாக மாற்றி, தான் ஏற்கனவே சேர்த்து வைத்திருக்கும் கோடிக்கணக்கான படங்களின் குறிப்புகளோடு ஒப்பிடுகிறது. அதனால் படத்தைக் கொஞ்சம் வெட்டியிருந்தாலும், சிறிதாக்கியிருந்தாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

செய்வது எளிது. வாட்ஸ் அப் வெப் தளத்தை உங்கள் பிரவுசரில் திறந்து, அங்கே தெரியும் சதுரக் கட்டத்தை செல்போனால் ஸ்கேன் செய்தால் உங்கள் செய்திகள் கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிடும். படத்தை டவுன்லோட் செய்து டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பின் கூகுள் இமேஜஸ் தளத்திற்குச் சென்று, தேடும் கட்டத்தின் ஓரத்தில் உள்ள கேமரா ஐகானில் கிளிக் செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள படத்தை மவுஸால் இழுத்து அதில் விட்டால் போதும். டின்ஐ என்றொரு தளமும் உண்டு. நான் அதையே முதலில் பார்ப்பேன். காரணம், கிடைத்த படங்களைப் பழையது முதலில் வருமாறு அடுக்கச் சொல்லலாம். படம் முதன்முதலில் எப்போது அதன் கண்ணில் பட்டது என்பது தெரிந்துவிடும்.

அத்தை அனுப்பிய படத்தைக் கொடுத்தேன். சில விநாடிகளில் பதில் வந்தது. அது 2014 மார்ச்சில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் எடுத்த படம்! ஹிட்லர் காலத்தில் அங்கே இருந்த காட்ஸ்பாக் என்ற வதைமுகாமில் இறந்த 528 பேரின் நினைவாக, மக்கள் தெருவில் படுத்து நடத்திய ஒரு கலை நிகழ்ச்சி. கொரோனாவுக்கு ஆறு வருடம் முந்தையது. அதே படத்தை 2020 தொடக்கத்தில் சீனாவில் இறந்தவர்கள் என்று பரப்பியிருந்தார்கள். எங்களுக்கு வரும்போது ஊர் பெயர் மட்டும் சிங்கப்பூராக மாறியிருந்தது.

வீடியோ என்றால்? ஓடும்போது தெளிவான ஓர் இடத்தில் நிறுத்துங்கள். விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை மங்கலாகும். வேண்டிய பகுதியை மவுஸால் கட்டம் போட்டுப் பிடித்து, டின்ஐ தளத்தில் கண்ட்ரோல் வி கொடுத்து ஒட்டிவிடலாம். கடையின் பெயர்ப் பலகை, பஸ் நம்பர், போலீஸ் உடை தெரியும் இடமாகப் பார்த்து நிறுத்துவது நல்லது.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய படம் கிடைத்தால் புரளி உடைந்தது. எதுவுமே கிடைக்காவிட்டால் படம் உண்மை என்று அர்த்தமல்ல. அந்தத் தளம் இன்னும் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு ஏஐ மூலம் புதிதாகவே படம் செய்துவிடுகிறார்கள். அதற்குப் பழைய பிரதியே இருக்காது. குரல் பதிவுக்கும் இந்த வழி உதவாது. "நான் இந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன்" என்று தொடங்கும் பதிவுகள் எங்களுக்குத் தினமும் வந்தன. யார், எந்த ஊர், என்ன தேதி என்று மூன்றையும் காதால் தேடுவேன். பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது.

விவரத்தை அத்தைக்குச் சொன்னேன். ஜெர்மனி, 2014, ஹிட்லர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "படம் பொய்யாவே இருக்கட்டும்ப்பா. அப்ப அவன் ஏன் ரெண்டு நாளா போன எடுக்கல?" என்றார்.

இதற்கு என் லேப்டாப்பில் பதில் இல்லை.

அட்ரஸை வலமிருந்து படியுங்கள்

அடுத்தது நான் ஏமாந்த கதை. ஏப்ரல் இறுதியில், ஊர் திரும்ப சிறப்பு விமானம் விடப்போகிறார்கள் என்ற பேச்சு பலமாக அடிபட்டது. இந்தப் பேச்சு பொய்யல்ல. 'வந்தே பாரத்' விமானங்கள் மே 7 அன்று தொடங்கின. உண்மைச் செய்தி ஒன்று வரும்போதுதான் அதன் முதுகில் ஏறிப் போலியும் வரும். இந்திய ஹை கமிஷன் பெயரில் ஒரு கூகுள் பார்ம் எங்கள் குரூப்பில் வந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், போன் நம்பர் கேட்டது. அட்ரஸ் பாரில் கூகுள் பெயர், பக்கத்தில் பூட்டுப் படம். நிரப்பி அனுப்பிவிட்டேன். மறுநாள் ஒருவர் போன் செய்து, சீட்டுக்கு முன்பணம் போடச் சொன்னார். அப்போதுதான் உறைத்தது. பணம் போகவில்லை. பாஸ்போர்ட் எண் போனது போனதுதான். நான்கு வருடம் கம்ப்யூட்டர் படித்தவன் செய்த காரியம் இது!

எங்கே தவறினேன்? பூட்டுப் படத்துக்கு ஒரே அர்த்தம்தான். உங்கள் கம்ப்யூட்டருக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது. அந்தத் தளத்தை வைத்திருப்பவர் நல்லவரா என்று பூட்டு சொல்லாது. திருடனும் பூட்டு வாங்கலாம். மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே 2023 இல் குரோம் பிரவுசரில் பூட்டை எடுத்துவிட்டு வேறு ஐகானைப் போட்டார்கள்.

கூகுள் பெயரும் உதவாது. கூகுள் பார்ம் யார் வேண்டுமானாலும் இலவசமாகச் செய்யலாம். நீங்கள் செய்தாலும், அரசு அலுவலகம் செய்தாலும் அட்ரஸ் கூகுளின் பெயரில்தான் தொடங்கும். அவசரத்தில் அரசு அலுவலகங்களும் இதைப் பயன்படுத்துவது உண்டு. எனவே பார்மைப் பார்த்து உண்மையா போலியா என்று சொல்லவே முடியாது. அதற்கு எந்த வழியாகப் போனீர்கள் என்பதே கேள்வி. அந்த அலுவலகத்தின் சொந்தத் தளத்தை நீங்களே டைப் செய்து திறந்து, அங்கிருந்து பார்முக்குப் போக முடிந்தால் நம்பலாம். வாட்ஸ் அப்பில் வந்த லிங்க் வழியாகப் போனால் அந்த உறுதி இல்லை.

சொந்தத் தளம்தானா என்று எப்படி அறிவது? அட்ரஸில் முதல் சாய்கோடு வரும் வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்து வலமிருந்து இடமாகப் படியுங்கள். சிங்கப்பூர் அரசுத் தளங்கள் 'காவ் டாட் எஸ்ஜி' என்று முடியும். இந்திய அரசுத் தளங்களில் பல 'காவ் டாட் இன்' என்று முடியும். இந்த முடிவுகளைத் தனியார் வாங்க முடியாது. 'காவ்-எஸ்ஜி டாட் காம்' என்று இருந்தால்? நடுவில் இருப்பது புள்ளி அல்ல, சிறு கோடு. அது யாரோ வாங்கிய ஒரு டாட் காம் தளம். கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வெவ்வேறு.

இந்தச் சமயத்தில் நிஜ கம்ப்யூட்டர் வைரஸ்களும் கொரோனா பெயரில் வந்தன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நோய்ப் பரவலைக் காட்டும் உலக மேப் ஒன்றை 2020 ஜனவரியில் தொடங்கி 2023 மார்ச் வரை நடத்தியது. அதைப்போலவே தோன்றும் ஒரு புரோகிராமை டவுன்லோட் செய்யச் சொல்லி, உள்ளே பாஸ்வேர்டுகளைத் திருடும் 'அசோரல்ட்' என்ற வைரஸை வைத்திருந்தார்கள். உண்மையான மேப் பிரவுசரிலேயே தெரியும், எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஒரு செய்தியைப் படிக்க எக்ஸி பைல் எதற்கு என்று கேட்டுக்கொண்டாலே போதும்.

இரட்டை அம்புக்குறி

வாட்ஸ் அப்பில் வந்த செய்திக்கு மேல் இரண்டு அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 7 முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கோ ஒரே குரூப்புக்கோதான் அனுப்ப முடியும் என்று மாற்றினார்கள். இதனால் இவ்வகைச் செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்தது என்று அந்நிறுவனமே அம்மாதக் கடைசியில் சொன்னது. ஆனால் எழுத்தைக் காப்பி செய்து புதிதாக ஒட்டினால் அம்பு காணாமல் போய்விடும். எங்கள் குரூப்பில் ஒரு அண்ணன் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், நல்லெண்ணத்தில்.

நல்லெண்ணம் அங்கே செல்லுபடியாகாது என்பதை நாங்கள் சீக்கிரமே தெரிந்துகொண்டோம். சாப்பாட்டுக் கடைகள் மூடப்படும், சூப்பர் மார்க்கெட் வாரம் இரண்டு நாள்தான், வாங்கி வையுங்கள் என்று ஒரு டாக்சி ஓட்டுநர் பேஸ்புக் குரூப்பில் எழுதினார். 15 நிமிடத்தில் அவரே நீக்கிவிட்டார். ஆனாலும் அவருக்கு நான்கு மாதச் சிறை கிடைத்தது. விதிகளை மீறி வெளியே சுற்றிய வெளிநாட்டவர் சிலரின் வேலை அனுமதியும் ரத்தானது. "இன்று முதல் இரவில் நடக்கலாமாம்" என்ற ஒரு பொய்யை நம்பினால் வேலையே போய்விடும்.

அதனால் எங்கள் ரூமில் நான்கு பேரும் ஒரு ஏற்பாடு செய்தோம். சிங்கப்பூர் அரசே வாட்ஸ் அப்பில் ஒரு செய்திச் சேவை நடத்தியது. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கிலும் வந்தது. தமிழில் பதிவு செய்துகொண்டோம். அதில் வராத எந்த விதியையும் நம்புவதில்லை. சில செய்திகள் அதில் வரச் சில மணி நேரம் தாமதமாகும். அந்தச் சில மணி நேரம் சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

மச்சானிடமிருந்து நான்காம் நாள் போன் வந்தது, வேறு யாருடைய நம்பரிலோ. அவருக்கும் கொரோனா உறுதியாகியிருந்தது. லேசான காய்ச்சல்தான். சிங்கப்பூர் எக்ஸ்போ என்ற கண்காட்சி அரங்கில் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஏறும் அவசரத்தில் சார்ஜரை விட்டுவிட்டார். செல்போன் செத்துப்போனது. இவ்வளவுதான் காரணம். அந்த வருடம் டிசம்பரில் வெளியான அரசுக் கணக்கின்படி விடுதிகளில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு நோய் வந்து போயிருந்தது. சுமார் 1,52,000 பேர். படம் பொய்யாக இருந்தாலும் அத்தையின் பயத்தில் நியாயம் இருந்தது.

அத்தை முதலில் கேட்டது, "அப்ப அந்தப் படத்த நான் ஒம்பது பேருக்கு அனுப்பிட்டேனே, திரும்ப எடுக்கலாமா?" என்றுதான். வாட்ஸ் அப்பில் அனுப்பிய செய்தியை எல்லோரிடமிருந்தும் நீக்கும் வசதி உண்டு. செய்தியின் மேல் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, டெலிட் கொடுத்து, 'டெலிட் பார் எவ்ரிஒன்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது இரண்டரை நாள் வரை நேரம் தருகிறார்கள். 2020 இல் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அத்தைக்கு அந்த நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போன் போட்டு, "அது ஜெர்மனியாம்" என்று சொன்னார். இரண்டு பேர் நம்பவில்லை.