கணக்கியல் பட்டப் படிப்பும் மூன்றாண்டுத் திட்டமும்

வைகையின் வடகரையில், ஏ.வி. பாலத்தைக் கடந்தவுடன் அமைந்துள்ளது கோரிப்பாளையம். ஒருபுறம் செல்லூரின் தறிகள், மறுபுறம் கல்லூரிகள். 1881 இல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரியும், 1948 இல் நிறுவப்பெற்ற லேடி டோக் கல்லூரியும், 1965 இல் தொடங்கப்பெற்ற மீனாட்சி அரசினர் மகளிர் கல்லூரியும் இவ்வட்டாரத்திலேயே உள்ளன. தறிக் கூடத்திற்கும் கல்லூரி வாயிலுக்கும் இடையே உள்ள தூரம் சிறிதே. ஆயினும் நெசவாளர் குடும்பங்களும் உழவர் குடும்பங்களும் அத்தூரத்தைக் கடக்கப் பல தலைமுறைகள் ஆயின. இன்று நம் அங்கத்தினர்களின் மக்கள் ஆண்டுதோறும் வணிகவியல் வகுப்புகளில் சேர்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் சேர்ந்தவர் எத்தனை பேர் என்பதைப் போலவே, உரிய காலத்தில் தேறி வெளிவந்தவர் எத்தனை பேர் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாவு ஓடும்போது விட்டுப்போன இழை, துணியின் கடைசி முழம் வரை குறையாகவே தெரியும். பட்டப் படிப்பும் அத்தகையதே. முதற் பருவத்தில் விடுபட்டது மூன்றாம் ஆண்டு வரை தொடர்ந்து வரும். ஆகவே, படிப்பைத் திட்டமிடுவது எவ்வாறு என்பதைப் பெற்றோரும் மாணவரும் சேர்ந்து அறிந்துகொள்ளுதல் நலம்.

படிப்பின் அமைப்பு

பி.காம். எனப்படும் வணிகவியல் இளநிலைப் பட்டம் மூன்றாண்டுப் படிப்பு. ஆண்டுக்கு இரண்டு வீதம் செமஸ்டர் எனப்படும் பருவங்கள் ஆறு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பாடங்கள் பொதுவாக ஐந்து பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. முதற் பகுதி தமிழ் அல்லது பிற மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதி முதன்மைப் பாடங்கள், துணைப் பாடங்கள், விருப்பப் பாடங்கள். நான்காம் பகுதி திறன் வளர்ச்சி, சுற்றுச்சூழல், நன்னெறி முதலியன. ஐந்தாம் பகுதி நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணிகள். ஒவ்வொரு பாடத்திற்கும் கிரெடிட் எனப்படும் மதிப்பளவு உண்டு.

பெற்றோர் பலர் மூன்றாம் பகுதியை மட்டுமே படிப்பு எனக் கருதுகின்றனர். இது பிழையான எண்ணம். நான்காம் பகுதியில் ஒரு சிறு பாடம் நிலுவையில் நின்றாலும் பட்டம் கைக்கு வாராது. பற்று வரவு அனைத்தும் நேராகி, ஓர் இனம் மட்டும் ஒவ்வாமல் நின்றால் இருப்பாய்வு ஒத்துப் போகாதன்றோ? அதனைப் போன்றதே இதுவும்.

மேலும், அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றவை. தமக்குரிய பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்வன. 1966 இல் தோன்றி, இன்று காமராசர் பெயரால் வழங்கும் மதுரைப் பல்கலைக் கழகத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பிற இணைவுக் கல்லூரிகளும் உண்டு. ஆகவே, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாடப் பட்டியலைக் கொண்டு நம் வீட்டுப் பிள்ளைக்குத் திட்டமிடுதல் கூடாது. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆறு பருவங்களுக்கும் உரிய முழுப் பாடத்திட்டத்தையும் கல்லூரியில் கேட்டுப் பெற்று, வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்தல் நன்று.

பாடங்களின் வரிசை

பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டில் நிதிநிலைக் கணக்கியல், இரண்டாமாண்டில் நிறுமக் கணக்கியல், மூன்றாமாண்டில் அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், வருமான வரி, தணிக்கை என்னும் முறையில் பாடங்கள் அமைகின்றன. குறிப்பேடும் பேரேடும் அறியாதவர் இறுதிக் கணக்குகளைத் தயாரிக்க இயலாது. இறுதிக் கணக்குகளை அறியாதவர் நிறுமக் கணக்கைப் புரிந்துகொள்ளல் அரிது. இவற்றையெல்லாம் அறியாதவருக்குத் தணிக்கை என்பது வெறும் மனப்பாடமே.

ஒரு பாடத்தில் தவறினாலும் பொதுவாக அடுத்த பருவத்திற்குச் செல்லத் தடையில்லை. இச்சலுகை நன்மையும் தீமையும் கலந்தது. ஆண்டு வீணாகாது என்பது நன்மை. அரியர் எனப்படும் நிலுவைத் தேர்வு, புதிய பாடங்களின் தலைமேல் பழைய சுமையாக ஏறி நிற்பது தீமை. தவணை தவறிய கடன் வட்டியோடு வளர்வதை நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவர். முதலாண்டுக் கணக்கியலில் நிலுவை வந்தால், வேறு எப்பாடத்திற்கும் முன்னதாக, அடுத்து வரும் வாய்ப்பிலேயே அதனைத் தீர்த்துவிட வேண்டும்.

மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவில் பயின்றுவிட்டு வணிகவியலில் சேரும் மாணவர் சிலர் உளர். கணக்குப்பதிவியல் பயின்ற மாணவரோடு இவர்கள் ஒரே வகுப்பில் அமர வேண்டியிருக்கும். இவர்கள் தேர்வு முடிந்த கோடை விடுமுறையை வீணாக்காமல், பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலைப் பெற்று, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள் ஆகிய நான்கினையும் பயிற்சிக் கணக்குகளுடன் முடித்துச் செல்ல வேண்டும். நாள்தோறும் இரண்டு மணி வீதம் நாற்பது நாட்கள் உழைத்தால் எண்பது மணி நேரம் கிட்டும். வகுப்பில் திகைத்து நில்லாதிருக்க அது பெரிதும் உதவும்.

தறியும் வயலும் தேர்வும்

நம் குடும்பங்களுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. முதல், மூன்றாம், ஐந்தாம் பருவத் தேர்வுகள் நவம்பர் மாதத்தை ஒட்டி நிகழ்கின்றன. தீபாவளிக்கு முன்னைய வாரங்களோ தறிக்கு ஓய்வில்லாத காலம். பாவு ஓட்டவும், தார் சுற்றவும், சேலை மடிக்கவும் வீட்டில் ஆள் வேண்டும். பெரியாறு–வைகைப் பாசனப் பகுதியிலும் நடவு, களையெடுப்பு, அறுவடை என்று பிள்ளைகளின் உதவி நாடப்படுகிறது. உதவாதே என்று பிள்ளைக்குச் சொல்லுதல் நம் நிலைக்குப் பொருந்தாது. ஆனால் எக்காலத்தில் எவ்வளவு உதவி என்பதை முன்கூட்டியே வரையறுத்துக் கொள்ளலாம்.

பருவம் ஒன்றிற்கு ஏறத்தாழ தொண்ணூறு வேலை நாட்கள். சூன் முதல் ஆகஸ்டு வரை கணக்குப் பாடங்களில் முன்னேறி நின்றால், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாலை நேரத்தில் தறிக்கு உதவினும் கேடில்லை. கணக்குப் பாடம் வாசித்து அறிவதன்று; தாளும் எழுதுகோலும் கொண்டு போட்டு அறிவது. நாள் ஒன்றுக்கு ஒரு மணி, வாரம் ஐந்து நாள், பதினைந்து வாரம் என்றால் எழுபத்தைந்து மணி. இதனைத் தேர்வுக்கு முந்திய பத்து நாட்களில் ஈடுசெய்ய எவராலும் ஆகாது. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் பருவம் முழுவதும் சேர்வதாகலின், இறுதி வாரத்தில் தேடிப் பெற இயலாதது.

எப்பாதைக்கு எப்பாடம்

விருப்பப் பாடங்களைத் தோழர் எடுத்தார் என்பதற்காக எடுத்தல் தவறு. பட்டத்திற்குப் பின் செல்லும் பாதையை உத்தேசித்தே தெரிந்தெடுக்க வேண்டும்.

பட்டயக் கணக்கர் ஆக விரும்புவோர்க்கு இரு வழிகள் உள. பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் அடிப்படைத் தேர்வு எழுதிச் செல்வது ஒன்று. வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்று, அத்தேர்வின்றி நேரே இடைநிலைக்குச் செல்வது மற்றொன்று. பிற துறைப் பட்டதாரிகளுக்கு 60 விழுக்காடு வேண்டும். 2023 இல் வந்த புதிய திட்டத்தின்படி அலுவலகப் பயிற்சிக் காலம் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. தேறினால் போதும் என்று 45 விழுக்காட்டில் நின்றுவிடும் மாணவர், தாம் அறியாமலே இரண்டாவது வழியை அடைத்துக் கொள்கின்றார் என்பதை உணர வேண்டும். அடக்கவிலைக் கணக்கர் படிப்பிலும் பட்டதாரிகளுக்கு அடிப்படைத் தேர்விலிருந்து விலக்கு உண்டு.

கூட்டுறவுத் துறையை நாடுவோர், கல்லூரியில் கூட்டுறவு, தணிக்கை, வங்கியியல் ஆகிய பாடங்கள் இருப்பின் அவற்றை விடாது கற்க வேண்டும். கூட்டுறவு நிறுவனங்களின் உதவியாளர் பணிகளுக்குப் பட்டத்துடன் கூட்டுறவுப் பயிற்சியும் பொதுவாகக் கேட்கப்படுகிறது. எனவே, பட்டம் பெற்ற உடனே பயிற்சியில் சேர்வதற்கும் திட்டத்தில் ஓராண்டை ஒதுக்கி வைத்தல் அறிவுடைமை.

நூல்கள் வாங்குவதிலும் எச்சரிக்கை தேவை. நிதிநிலைக் கணக்கியலுக்குப் பழைய புத்தகம் பெரும்பாலும் போதும். ஆனால் வரிப் பாடங்களுக்கு அவ்வாறன்று. 2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திற்கு மாற்றாக, 2025 இல் நிறைவேறிய புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியதாயிற்று. எச்சட்டத்தின்படி வினாத்தாள் அமையும் என்று ஆசிரியரைக் கேட்டறிந்த பின்னரே வரி நூல் வாங்க வேண்டும்.

சங்கத்திற்கு இதனால் என்ன பயன்?

ஒரு நெசவாளர் சங்கத்தில் விற்காத சேலைகள் 300 இருப்பதாகக் கொள்வோம். ஒன்றின் அடக்கவிலை ரூ. 400, விற்பனை விலை ரூ. 500. இருப்பை விற்பனை விலைக்கு மதிப்பிட்டால், வராத இலாபம் ரூ. 30,000 வந்ததாக ஏட்டில் ஏறிவிடும். அங்கத்தினர்கள் மகிழ்ந்து கைதட்டுவர். இல்லாத இலாபத்திலிருந்து பங்கு ஈவும் கேட்பர். இருப்பை அடக்கவிலை அல்லது நிகர விற்பனை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதற்கே மதிப்பிடல் வேண்டும் என்பது முதலாண்டு மாணவர் கற்கும் பாடம். பேரவைக் கூட்டத்தில் எழுந்து, “சரக்கிருப்பு எவ்விலைக்கு மதிப்பிடப்பட்டது, ஐயா?” என்று கேட்கத் தெரிந்த அங்கத்தினர் ஒருவர் இருப்பாராயின், அச்சங்கத்திற்கு அவர் பெருங் காவலாவார். ஆய்வாளரும் தணிக்கையாளரும் ஆண்டில் சில நாட்களே வருவர். அங்கத்தினர் என்றும் இருப்பவர்.

ஏடுகளும் கணினிக்கு மாறி வருகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்க 2022 இல் மத்திய அமைச்சரவை ரூ. 2,516 கோடித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. கணினி கூட்டிக் கொடுக்கும். எவ்வினத்தைப் பற்றில் வைப்பது, எவ்வினத்தை வரவில் வைப்பது என்று ஆராய்ந்து முடிவு செய்ய மனிதன் வேண்டும்.

பெண் மக்களுக்குக் கணக்குத் துறை ஒவ்வாது என்று எண்ணும் பெற்றோர், ஆர். சிவபோகம் அம்மையாரை நினைவுகூர்க. விடுதலைப் போரில் சிறை சென்ற அவர், 1933 இல் அரசினர் கணக்கியல் பட்டயத் தேர்வில் வென்று, இந்தியாவின் முதற் பெண் கணக்காயர் ஆனார். கைத்தறிக் கதராடையையே உடுத்தியவர் என்பது நெசவாளருக்குப் பெருமை தரும் செய்தி.

பொருள் உதவிக்கும் வழிகள் உள. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்கு 2022 இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்க்கு 2024 இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ரூ. 1,000 வீதம் வழங்கத் தொடங்கப்பட்டன. நடப்பு விதிகளைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்க. சங்கங்களும் தம் பங்கினைச் செய்யலாம். சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் அளவில், பொது நல நிதியிலிருந்து பாடநூல் வாங்கி மாணவர்க்குச் சுழற்சி முறையில் அளிக்கலாம். தீபாவளிக் காலத்தில் தேர்வு எழுதும் பிள்ளையுள்ள வீட்டிற்கு, உற்பத்திக் கெடுவில் சில நாட்கள் தளர்வு காட்டலாம். அங்கத்தினர்க்கு வழங்கும் ஆண்டறிக்கையின் ஐந்தொகையை மாணவர் கையில் கொடுத்துப் படித்து விளக்கச் சொல்லலாம். இவை பெருஞ் செலவு பிடிப்பவை அல்ல.

ஒரு வீட்டுப் பிள்ளை கணக்குக் கற்றால் அவ்வீடு மட்டுமன்று, அவ்வூர்ச் சங்கமும் கண் பெறும். ஆகவே, வரும் கல்வியாண்டில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும், சேர்க்கைச் சீட்டைப் பெற்ற அன்றே பாடத்திட்டத்தையும் பெற்று, ஆறு பருவத்திற்கும் உரிய திட்டத்தைப் பிள்ளையுடன் அமர்ந்து வகுப்பாராக.