மேஜையில் மிஞ்சிய எஃகுக் குண்டு

கியர் ஆயில் மாற்றும்போது முதலில் கழற்ற வேண்டியது எண்ணெய் வடியும் கீழ் போல்ட்டை அல்ல, எண்ணெய் ஊற்றும் மேல் போல்ட்டை. வீட்டு வாசலில் தாமே பழுது பார்க்கிறவர்கள் பலர் இதை மாற்றிச் செய்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள். எண்ணெய் முழுக்க வடிந்திருக்கும்; மேல் போல்ட்டோ துருவேறி அசைய மறுக்கும். மெக்கானிக்கிடம் ஓட்டிச் செல்லவும் வழியில்லை.

இன்னொரு தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. ஜி.எல்.4, ஜி.எல்.5 என்ற தரங்களில் பெரிய எண்தான் உசத்தி என்று நினைத்து 5-ஐ வாங்குகிறார்கள். அது பின் ஆக்சிலில் உள்ள ஹைபாய்டு பற்சக்கரங்களின் கடும் அழுத்தத்துக்காக உருவானது. கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதில் கூடுதல். மேனுவல் கியர் பாக்ஸின் கதை வேறு. 1928-இல் காடிலாக் கார்களில் அறிமுகமான சிங்க்ரோமெஷ் ஏற்பாட்டில், பெரும்பாலும் பித்தளையாலான ஒரு வளையம் கியரின் கூம்பு மேல் உரசி, பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமன் செய்கிறது. எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடந்தாலும் அதற்கு உராய்வு வேண்டும். வழுக்கல் மிகுந்த எண்ணெய் அந்தப் பிடியைக் கெடுக்கும். சில கந்தகச் சேர்மங்கள் சூட்டில் பித்தளையை அரிக்கவும் செய்யும். கியர் மாற்றுகையில் 'கர்ர்' என்று கேட்கத் தொடங்கும்போது வளையம் தேய்ந்திருக்கும். காரின் கையேடு சொல்லும் தரமே சரி.

தேய்ந்த வளையத்தை மாற்றப் பாக்ஸைப் பிரித்தால், கியரைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் ராடை உருவும்போதே ஸ்பிரிங் தள்ளி, பட்டாணி அளவு எஃகுக் குண்டு ஒன்று தெறித்து ஓடும். அதைப் போடாமல் மூடினால் ஓட்டத்திலேயே கியர் நழுவும். அருகிலுள்ள இன்டர்லாக் பின் விட்டுப்போனால் நிலைமை மோசம்: இரண்டு கியர்கள் சேர்ந்து விழலாம். ஒரே தண்டு இரு வேறு வேகங்களில் சுழல முடியாது. பாக்ஸ் அப்படியே இறுகிவிடும்.

பாக்ஸைத் திரும்ப மாட்டும்போது அதன் ஹவுசிங் கையால் தள்ளியே இன்ஜினோடு ஒட்ட வேண்டும். அரை அங்குலம் இடைவெளி நின்றால் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை என்று பொருள். போல்ட்டை முறுக்கி இழுத்தால் அலுமினியக் காது உடையும், இல்லையேல் பிளேட் வளையும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்த அவசரத்துக்கு விலை அதிகம். கிளட்ச்சுக்குப் பதிலாக அதில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் முழுதாக உள்ளே உட்காராமல் போல்ட்டை இறுக்கினால், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன்பே எண்ணெய் பம்ப் உடையக்கூடும். அதை மாற்ற, பாக்ஸை மறுபடி கீழே இறக்க வேண்டும்.