கொல்லைப்புறமும் ஒரு பஞ்சாங்கம்தான்!

சந்தோஷம் என்றதும் நம்மில் பலருக்கு என்ன ஞாபகம் வருகிறது? கல்யாணம், தீபாவளி, பதவி உயர்வு, புது வீடு! இவையெல்லாம் வாழ்க்கையில் எத்தனை முறை வரும்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் அழைப்பு அனுப்பாமலே மாதந்தோறும் நம் வீட்டைத் தேடி வரும் விருந்தாளிகள் சிலர் இருக்கிறார்கள். வேப்பம்பூ, நுங்கு, மண்வாசனை, அவரைப் பிஞ்சு, பூசணிப்பூ! இவர்களை நாம் கவனிப்பதுண்டா?

இவர்களுக்கு ஒரு குணம் உண்டு. வந்தால் சில நாள், மிஞ்சினால் சில வாரம் தங்குவார்கள். அப்புறம் அடுத்த வருஷம்தான்! எப்போதும் கிடைக்காது என்பதில்தான் இவர்களுடைய ருசியே இருக்கிறது.

வேம்பும் பனையும்

மாசி பிறந்ததும் மாவடு தலைகாட்டும். பங்குனியில் புங்க மரம் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, எண்ணெய் தடவியது போன்ற இளந்தளிரைப் போர்த்திக்கொள்ளும். எங்கிருந்தோ குயில் கூவும். கூவிக் கூவி ஊரைக் கூட்டுவது கறுப்பு நிற ஆண் குயில்தான். காக்கைக் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடப் போகும் பெண் குயிலோ உடம்பெல்லாம் புள்ளி போட்டது.

அடுத்து வேம்பு பூக்கும். பகலில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தி சாய்ந்ததும் தெருவெல்லாம் தேன் போன்ற ஒரு வாசனை மிதந்து வரும்போதுதான் மரம் பூத்திருக்கிற விஷயமே தெரியும். மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் பூ குவிந்து கிடக்கும். நன்றாகக் காயவைத்து டப்பாவில் அடைத்துவிட்டால் பல மாதங்களுக்கு ரசம் மணக்கும்!

சித்திரைப் புத்தாண்டுப் பச்சடியில் மாங்காயும் வேப்பம்பூவும் ஒன்றாய்ச் சேர்கின்றன. வாழ்க்கையில் இன்பமும் துன்பமும் கலந்தே வரும் என்று அதற்குத் தத்துவம் சொல்வார்கள். தத்துவம் இருக்கட்டும். அந்த வாரத்தில் மரத்தில் இருப்பவை அந்த இரண்டும்தானே!

பனையின் கதை இன்னும் வேடிக்கை. ஒரே காய் மூன்று பருவத்தில் மூன்று விருந்து வைக்கும். கோடையில் வெட்டினால் நுங்கு. கொஞ்சம் தாமதித்தால் முற்றிக் கடினமாகிவிடும். மரத்திலேயே விட்டுவிட்டால் ஆடி, ஆவணியில் பனம்பழம். அதன் கொட்டையை மணலில் புதைத்து வைத்தால் தை பிறக்கும்போது பனங்கிழங்கு! தென் மாவட்டங்களில் பொங்கலன்று கரும்புக்குப் பக்கத்தில் பனங்கிழங்குக் கட்டுக்கும் இடம் உண்டு. ஆனால் மூன்றுக்கும் அந்தந்த மாதம் வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரக்காரனுக்குப் பனை எதுவும் தராது.

காய்ந்த மண்ணின் வாசனை

காத்திருப்பதில் ஓர் இன்பம் உண்டு என்பதற்கு மழையைவிட நல்ல சாட்சி வேறில்லை. கோடை மழையின் முதல் நாலு துளி விழுந்ததும் குப்பென்று ஒரு வாசனை எழுகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இருவர் இதை ஆராய்ந்து, 1964-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். வறண்ட காலத்தில் மண்ணும் கல்லும் ஒருவித எண்ணெய்ப் பொருளைத் தம்முள் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ஈரம் பட்டதும் அது வாசனையாக வெளிப்படுகிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் 'ஜியோஸ்மின்' என்ற பொருளும் அதோடு சேர்ந்துகொள்கிறது. உத்தரப் பிரதேசத்தில் உள்ள கன்னோசி நகரத்தில் சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்து, இந்த மணத்தை அத்தராகவே விற்கிறார்கள்!

கவனித்தீர்களா? நன்றாகக் காய்ந்த மண்தான் நன்றாக மணக்கும். தினமும் நனையும் மண்ணுக்கு அந்த வாசனை ஏது?

மழை விட்ட பிறகு ஈரம் உலராத மண்ணைக் குனிந்து பாருங்கள். சிவப்பு வெல்வெட்டுத் துணியைக் கிள்ளிப் போட்டதுபோல் தம்பலப் பூச்சிகள் ஊர்ந்து போகும். குழந்தைகள் அவற்றைத் தீப்பெட்டியில் பிடித்து வைப்பார்கள். பிடிக்கட்டும், கால்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு இருக்கும். பூச்சி என்று பேர்தானே தவிர, அது சிலந்தியின் உறவுக்காரன்! எண்ணி முடித்ததும் மண்ணிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஆறுமணிக் குருவி

தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழைதான் கொடுக்கிறது. அந்த ஐப்பசி, கார்த்திகை நாட்களில் பவழமல்லி இரவெல்லாம் மலர்ந்து, விடியும் முன் தரையில் கோலம் போட்டுவிடும். ஆடியில் விதைத்த அவரைக்கொடி அதுவரை வெறும் இலையாகப் படர்ந்திருக்கும். பகல் பொழுது குறைந்த பிறகுதான் அது பூவெடுக்கும். நாட்டு அவரைக்குக் கடிகாரம் சூரியன்தான்!

அதே பருவத்தில் மரங்கள் அடர்ந்த தோட்டங்களுக்கு வடக்கேயிருந்து ஒரு விருந்தாளி பறந்து வருகிறது. பச்சை முதுகு, நீலச் சிறகு, சிவந்த அடிவயிறு, குட்டை வால். காலையிலும் மாலையிலும் ஆறு மணியையொட்டிக் குரல் கொடுப்பதால் அதற்கு ஆறுமணிக் குருவி என்றே பெயர். உதிர்ந்த சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தேடித் தின்னும். சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டால் அதற்குச் சாப்பாடு எங்கே?

மார்கழியில் பூசணிப்பூ. கோலத்தின் நடுவே சாண உருண்டையில் அதை வைக்காவிட்டால் மார்கழி பிறந்ததாகவே சிலருக்குத் தோன்றாது! அடியில் பிஞ்சு இல்லாமல் நீண்ட காம்புடன் இருப்பது ஆண் பூ. அதைப் பறித்தால் காய்ப்பு கெடாது. மகரந்தத்துக்காகக் கொடியில் இரண்டொன்று விட்டுவைத்தால் போதும். ஆனால் விடியும்போதே எழுந்திருக்க வேண்டும். வெயில் ஏறினால் பூ வாடிவிடும். எட்டு மணிக்கு எழுபவருக்குப் பூசணிக்காய் கிடைக்கும், பூ கிடைக்காது!

சிமெண்டு பூசலாமா?

இப்போது நகரங்களில் பல வீடுகளுக்குக் கொல்லை என்பதே கிடையாது. இருக்கும் இடத்திலும் வாசலிலிருந்து மதில்வரை சிமெண்டு பூசிவிடுகிறார்கள். குப்பை சேராது, சேறு மிதிபடாது என்பது அவர்கள் கட்சி. நியாயந்தான்! ஆனால் சிமெண்டில் தம்பலப் பூச்சி ஊருமா? அவரை முளைக்குமா? தண்ணீர்தான் இறங்குமா? தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. மேலே பூசிவிட்டு, குழாய் போட்டு மழையைப் பூமிக்குள் அனுப்புகிறோம். நாலடி மண்ணைத் திறந்து விட்டால் அந்த வேலையில் ஒரு பங்கை அது கூலி கேட்காமல் செய்யுமே!

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் என்ன செய்வது? ஒரு தொட்டியில் முல்லை வைக்கலாம். இரவுப் பூச்சிகளை அழைப்பதற்காகவே மாலையில் மலர்ந்து மணக்கும் கொடி அது. வேலை முடிந்து திரும்பும் நமக்கும் அதுதானே சௌகரியமான நேரம்! தெருவில் நிற்கும் வேம்பு எல்லோருக்கும் பொது. அதைப் பார்க்க வாடகை கிடையாது.

தேதி குறித்து வையுங்கள்

வாசகர்கள் இன்னொரு காரியமும் செய்யலாம். சுவரில் தொங்கும் நாள்காட்டியில், முதல் குயில் கூவிய நாள், வேம்பு பூத்த நாள், அவரை பூத்த நாள் இவற்றைக் குழந்தைகளைக் கொண்டு குறிக்கச் செய்யுங்கள். வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரி மரங்கள் பூத்த நாட்களை அங்குள்ளவர்கள் தங்கள் குறிப்பேடுகளில் எழுதி வந்தார்கள். அந்தக் குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகின்றன. அவற்றை வைத்துத்தான், 2021-ல் மார்ச் 26 அன்றே மரங்கள் முழுக்கப் பூத்துவிட்டதையும், அதற்கு முந்தைய ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததற்குக் குறிப்பு இல்லை என்பதையும் கண்டார்கள். உலகம் சூடேறுவதற்கு இதுவும் ஒரு சாட்சி.

நம் வேம்பும் அவரையும் நாளை எந்தத் தேதியில் பூக்கும்? பேரப்பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் நாம் இன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். அவர்கள் பார்ப்பதற்கு ஒரு மரமும் நாலடி மண்ணும் மிச்சம் இருக்க வேண்டும்.