தராசடிக்கு ஒரு விரிப்பு

சென்ற தை மாதம் கோவையில் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தோம். மாடி அறையில் பெரிய திரை கட்டி, அதில் கோல்ஃப் மைதானத்தைப் படமாக ஓடவிட்டு, மருமகன் பந்தடித்துக்கொண்டிருந்தார். சிமுலேட்டர் என்கிறார்கள். பந்து திரையில் மோதிக் கீழே விழும். மைதானமாக இருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கருவி கணக்குச் சொல்லும். நமக்கு அந்த விளையாட்டில் ஈடுபாடு கிடையாது. ஆனால் அவர் முழங்கையில் பட்டை போட்டிருந்தது கண்ணில் பட்டது.

விசாரித்தோம். திரைக்கும் கருவிக்கும் பணத்தைக் கொட்டியவர், காலடி விரிப்பை மட்டும் மலிவாக வாங்கிவிட்டாராம். புல்தரையில் மட்டை மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும். சிமெண்டுத் தரைமேல் மெல்லிய விரிப்பைப் போட்டால் அடியின் அதிர்ச்சி மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் திரும்பி வருகிறது. இப்போது வேறு வாங்கியிருக்கிறார். பந்து வைக்கும் பட்டை தனியாக இருக்கிறது. தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நிற்கும் இடமும் பந்து இருக்கும் இடமும் ஒரே மட்டம். ரொம்ப மெத்தென்று இருந்தாலும் தப்பாம், கால் நிலைகொள்ளாது.

ஊர் திரும்பும் வழியெல்லாம் நம் பழைய எடையாளின் நினைவுதான். மதுரை கீழமாசி வீதிக் கடையில் 19 வருஷம் தராசடியில் நின்றவர். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு முன் வேலையை விட்டார். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தோம். கொடுத்ததை நாலு பேரிடம் சொல்லியும் கொண்டோம். அவர் நின்ற கடப்பாக்கல்லைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்குகிறது. கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் மேலே ஏறும். நல்ல விரிப்பு காலடியில் லேசாக அமுங்கிக் கொடுப்பதால், நிற்பவர் தம்மை அறியாமலே கால் மாற்றி அசைந்துகொள்கிறார். அதன் வேலை அவ்வளவுதான். வந்துவிட்ட நோயை அது குணப்படுத்தாது. அதற்கு வைத்தியரிடம்தான் போகவேண்டும்.

நம் கடைகளில் வழக்கமாகப் போடுவது பழைய சாக்கு. இரண்டு நாளில் சப்பையாகிவிடும், வழுக்கும், எலிக்கும் வசதி. சிலர் மாட்டுக் கொட்டகைக்கு விற்கும் ரப்பர் பாயை வெட்டிப் போடுகிறார்கள். நாமும் போட்டுப் பார்த்தோம். மாட்டின் எடைக்குச் செய்தது, மனிதன் நின்றால் அமுங்குவதில்லை. கல்லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு மாதம் கடையில் ரப்பர் நாற்றம் வேறு. ஏலக்காய் மூட்டையைத் தள்ளி வைக்கும்படி ஆனது. விலை குறைவான ஸ்பாஞ்சு விரிப்பு முதல் வாரம் சுகமாக இருக்கும். பிறகு கால் வைத்த இடம் குழிந்து அப்படியே நின்றுவிடும்.

கடைசியில் முக்கால் அங்குலக் கனத்தில் நைட்ரைல் ரப்பர் விரிப்பு வாங்கினோம். எண்ணெய் டின் உடைக்கிற கடைக்கு இயற்கை ரப்பர் ஆகாது, எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். நைட்ரைல் தாங்கும். மாவு, பருப்பு மட்டும் விற்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. எதை வாங்கினாலும் கடையிலேயே செருப்போடு பத்து நிமிஷம் அதன்மேல் நின்று பாருங்கள். கட்டை விரலை அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே நிமிரவேண்டும். ஓரம் சரிவாக இறங்கவேண்டும். செங்குத்தாக இருந்தால் மூட்டை தூக்கி வருபவர் தடுக்கி விழுவார். வாரம் ஒரு தடவை எடுத்து அடித்தரையையும் கழுவவேண்டும், இல்லாவிட்டால் வெல்லப்பாகுக்கு எறும்பு வந்துவிடும்.

விரிப்பு போட்டதால் நாற்காலி வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. 2021ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, பணியாளர் உட்கார இருக்கை வைக்கவேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கேரளத்தில் 2018லேயே வந்தது. கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் சோம்பல் என்று நாமே கடிந்துகொண்ட காலம் உண்டு. இப்போது தராசுக்குப் பின்னால் ஒரு முக்காலி கிடக்கிறது. புதுப் பையன் இன்னும் கூச்சப்படுகிறான். நாம் வெளியே போனால்தான் உட்காருகிறான்.

பத்துப் பதினைந்து கடை சேர்ந்தால் தயாரிப்பாளரிடமே மொத்தமாக வாங்கலாம். விருப்பமுள்ள உறுப்பினர்கள் தங்கள் தராசடி நீள அகலத்தை எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் விலை கேட்டுச் சொல்கிறோம்.