மண்ணுக்குள் கிடைத்த உலோகம் என்ன?



வேலப்பன்சாவடியிலும் சுற்றுப்புறங்களிலும் பழைய ஓட்டு வீடுகளை இடித்து மாடி வீடுகள் கட்டி வருகிறார்கள். கடைக்கால் தோண்டும்போது மண்வெட்டியில் ஏதாவது உலோகப் பொருள் தட்டுப்படுவது உண்டு. உடனே அதைக் கல்லில் தட்டிப் பார்ப்பார்கள். புளி போட்டுத் தேய்ப்பார்கள். ஒன்றும் விளங்காவிட்டால் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். இம்மூன்றுக்கும் முன்பாகச் சற்றுப் பொறுக்கும்படி வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

ஒரு மணியின் கதையைக் கேளுங்கள். 1836-ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலன்சோ என்ற மிஷனெரி, நியூசிலாந்தின் வட பகுதியில் மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். புயலில் சாய்ந்த பெரிய மரம் ஒன்றின் வேர்களுக்கிடையே அது கிடைத்ததாக அவர்கள் சொன்னார்கள். அது விளிம்பு உடைந்த மணி என்பதையும், அதைச் சுற்றி எழுத்துகள் இருப்பதையும் கொலன்சோ கவனித்தார். அந்த எழுத்துகளை அங்கே வாசிக்க ஒருவரும் இல்லை. தமிழ் அறிந்தவர்கள் பார்த்தபோது விடை கிடைத்தது. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் தமிழில் பொறித்திருந்தது. இன்று அது வெலிங்டன் நகரில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த எழுத்தை யாராவது தேய்த்து அழித்திருந்தால், அது இன்றும் பெயரில்லாத பாத்திரமாகவே இருந்திருக்கும்.

நம் மண்ணிலும் இப்படிப்பட்டவை உண்டு. நமக்கு மேற்கே திருவாலங்காட்டில் 1905-ஆம் ஆண்டில் 31 செப்பேடுகள் வெளிப்பட்டன. முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தைப் பற்றியும், சோழர் வம்சாவளியைப் பற்றியும் நாம் அறிந்ததில் பெரும்பங்கு அவற்றால் வந்தது. பாத்திரக்காரரின் உலைக்குள் போயிருந்தால் அவை சில குடங்களாக மாறியிருக்கும், அவ்வளவே.

எல்லாம் செப்பேடாக இராது. சாவடி என்பதே வழிப்போக்கர் தங்கும் இடம். மாட்டு வண்டிகள் சென்ற இப்பெருவழியில் கடையாணி, வண்டிப் பட்டா, மாட்டு லாடம், கிணற்றுக் கப்பி ஆகியவை கிடைப்பது இயல்பு. பச்சை படர்ந்திருந்தால் செம்பு, பித்தளை அல்லது வெண்கலம். செந்நிறத் துருவானால் இரும்பு. அளவுக்கு மீறிக் கனத்துச் சாம்பல் நிறமாயிருந்தால் ஈயம் என்று ஒருவாறு ஊகிக்கலாம். வெள்ளி கறுத்துப்போகும். பொன் அநேகமாக நிறம் மாறுவதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பூந்தமல்லியில் கும்பினிக் காலத்திலேயே பட்டாளம் தங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆவடி பெரிய இராணுவத் தளமாயிற்று. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னையின்மேல் சுட்ட குண்டுகளில் சில வெடிக்காமலே கிடந்தன. ஆகையால் உருண்டையாகவோ, ஒரு முனை கூராக நீண்டதாகவோ, திரி வைக்கும் துளையுடனோ ஒரு பொருள் கிடைத்தால், அதைத் தூக்கவும் கூடாது, தட்டவும் கூடாது, காந்தம் வைத்துப் பார்க்கவும் கூடாது. பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டுக் காவல் துறைக்குச் சொல்லுங்கள். நூறு வருடம் மண்ணில் கிடந்தது என்பதால் மருந்து செத்துப்போயிருக்கும் என்று நம்பக்கூடாது. போன விரலையும் கண்ணையும் எந்த மருத்துவமனையும் திருப்பித் தர இயலாது.

அபாயமில்லாத பொருளானாலும் புளியும் எலுமிச்சையும் வேண்டாம். பழைய வெண்கலத்தின்மேல் படர்ந்த பச்சைப் படலம் பல வேளைகளில் அடியிலுள்ள எழுத்தைக் காக்கும் போர்வையாகும். புளிப்பு அதைக் கரைத்துவிடும். மண்ணை உதறி, உலர்ந்த துணியில் சுற்றி வைத்தால் போதும். எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பொருளை அடையாளம் காண்போருக்கு இக்குறிப்பே பாதி விடை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இத்தகைய உலோகங்களைப் பரிசோதித்துப் பாதுகாப்பதற்கென்றே 1930-இல் ஒரு வேதியியல் கூடம் ஏற்படுத்தப்பட்டது.

அரசுக்குத் தெரிவித்தால் எல்லாம் பறிபோய்விடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் சொல்வது வேறு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். வேறு உரிமையாளர் இல்லையென்று தீர்மானமாகி, வேறு உடன்பாடும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கும் நிலத்துக்குரியவருக்கு ஒரு பங்கும் உண்டு. அரசே எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பாகம் கூட்டித் தர வேண்டும். மறைத்தவருக்கோ அப்பங்கு இல்லை, தண்டனையும் உண்டு.

எனவே தங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ கடைக்கால் தோண்டும் நாளில் கூலியாட்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். மண்வெட்டி முதலில் தட்டுவது அவர்கள் கையில்தான்.